1200 பாட் வாசல்

இரண்டு மெகாபைட் எடையுள்ள ஒரு வலைப்பக்கத்தை 1200 பாட் வேகத்தில், அதாவது வினாடிக்கு 1200 பிட் என்ற கணக்கில், இறக்க எவ்வளவு நேரம் ஆகும்? வகுத்துப் பார்த்தால் மூன்று மணி நாற்பது நிமிடத்துக்குச் சற்று மேல். அதுவும் ஒரு பாக்கெட்கூடக் கெடாமல், நடுவில் வேறு யாரும் வாய் திறக்காமல், அலைவரிசை முழுக்க எனக்கே கிடைத்தால்.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் என் வீட்டுக் கார் கொட்டகையில் ஒரு கேட்வே ஓடுகிறது. ஒரு பக்கம் 2 மீட்டர் பட்டையில் பேசும் ரேடியோ, மறுபக்கம் வீட்டு இணைய இணைப்பு, நடுவில் உள்ளங்கை அளவு லினக்ஸ் பெட்டி. பார்க்க வருகிறவர்களில் பலர் நம்மவர்கள், பகலெல்லாம் ரவுட்டர்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள். "இதுல யூடியூப் வருமாண்ணா?" என்பது அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. அப்போது மேலே சொன்ன கணக்கைப் போட்டுக் காட்டுவேன். பாதிப்பேர் சிரித்துவிட்டு காபி குடிக்கப் போய்விடுவார்கள். மீதிப்பேர், "அப்ப எதுக்கு இது?" என்பார்கள். அவர்களோடுதான் பேச்சு நீளும்.

ஹாம்களுக்கு, அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோ இயக்குகிறவர்களுக்கு, இணையத்தில் சொந்த மனை இருக்கிறது என்பது நெட்வொர்க் துறையிலேயே பலருக்குத் தெரியாது. 44 என்று தொடங்கும் ஐபி முகவரிகளை 1981 வாக்கில் கேட்டுப் பெற்றவர் ஹேங்க் மாக்னஸ்கி, அழைப்புக்குறி கேஏ6எம். அதற்குச் சற்று முன்பு, 1980 டிசம்பரில், அமெரிக்காவின் முதல் பாக்கெட் ரிப்பீட்டரை இதே வளைகுடாப் பகுதியில் ஓடவிட்டவரும் அவர்தான். 44இல் மொத்தம் ஒரு கோடியே 67 லட்சம் முகவரிகள். காசு எதுவும் கைமாறவில்லை. அன்று முகவரிப் பதிவேட்டை வைத்திருந்தவர் ஜான் போஸ்டல். ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று பொருத்தமாகக் கேட்டால் எழுதிக்கொடுத்துவிடும் காலம் அது.

அந்த முகவரிகளை ஹாம்கள் வட்டாரம் வட்டாரமாகப் பிரித்துக்கொண்டார்கள். 44.4 எங்கள் வளைகுடாப் பகுதிக்கு, 44.2 சாக்ரமெண்டோவுக்கு, 44.8 சான் டியாகோவுக்கு, 44.24 வாஷிங்டன் மாநிலத்தின் மேற்குப் பகுதிக்கு. கடல் தாண்டினால் ஜெர்மனிக்கு 44.130, பிரிட்டனுக்கு 44.131. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் சம்பளமில்லாத ஒருங்கிணைப்பாளர் ஒருவர். இந்த வலைக்கு ஆம்பர்நெட் என்று பெயர்.

முகவரி இருந்தது, பாதை இல்லை. எங்கள் ஊர் ரேடியோ சியாட்டிலுக்குக் கேட்காது. மலைக்கு மலை ரிப்பீட்டர் வைத்துத் தாண்டலாம். ஏஎக்ஸ்.25 என்ற நெறிமுறை எட்டு ரிப்பீட்டர்வரை அனுமதித்தது. ஆனால் கணக்கு உதைக்கும். எட்டு ரிப்பீட்டர் என்றால் ஒன்பது தாவல்; ஒவ்வொரு தாவலிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பாக்கெட் பிழைத்தாலும் முடிவில் உயிரோடு போய்ச் சேர்வது 39தான். போனதற்கு ஒப்புதல் அதே வழியில் திரும்பி வர வேண்டும், அதற்கும் அதே கதி. பாக்கெட் ரேடியோ ஒரு மலைச்சரிவுக்குள் நன்றாக வேலை செய்தது, மாநிலம் தாண்டினால் திணறியது. நாடு முழுக்கச் சின்னச் சின்னத் தீவுகளாகக் கிடந்த வலைகளை இணையம் வழியாகத் தைத்துவிடலாம் என்ற எண்ணம் இந்தத் திணறலில் பிறந்ததுதான்.

தைத்த விதம் இன்றைக்கும் எனக்குப் பிடித்தமானது. ஒரு ஐபி பாக்கெட்டை அப்படியே இன்னொரு ஐபி பாக்கெட்டுக்குள் போட்டு அனுப்புவது. வெளி உறையில் இரண்டு கேட்வேக்களின் இணைய முகவரி, உள்ளே 44 முகவரி. நெறிமுறை எண் 4, கூடுதல் சுமை 20 பைட். எந்த வட்டாரம் எந்த கேட்வேக்குப் பின்னால் இருக்கிறது என்பதை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு சொல்லும். வரிக்கு ஒரு பாதை. அதை எல்லா கேட்வேக்களும் நகலெடுத்து வைத்துக்கொள்ளும். இங்கிருந்து சியாட்டிலுக்குப் போவது நேரே சியாட்டில் கேட்வேக்குப் போகும், நடுவில் தலைநகர் எதுவும் கிடையாது. பிற்பாடு அந்தக் கோப்பின் இடத்தில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாதைகளை அறிவிக்கும் ஏற்பாடு வந்தது. அந்த அறிவிப்புக்கு ஒரு கடவுச்சொல்லும் உண்டு. ஊருக்கே தெரிந்த கடவுச்சொல்!

ஹாம் வலைக்கும் மற்ற இணையத்துக்கும் இடையிலான பொதுவாசல் மட்டும் சான் டியாகோவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்தது. அதைப் பல்லாண்டு காலம் பராமரித்தவர் பிரையன் கான்ட்டர், டபிள்யூபி6சிஒய்டி. யூஸ்நெட் செய்திகளைச் சுமந்த என்என்டிபி நெறிமுறையை 1986இல் ஃபில் லாப்ஸ்லியுடன் சேர்ந்து எழுதியவரும் இவர்தான். அந்த வாசலில் அவர் வைத்த ஒரு விதி எனக்குப் பெரிய பாடம்: ஆம்பர்நெட்டின் பெயர்ப் பதிவேட்டில் பெயர் இல்லாத முகவரிக்கு இணையத்திலிருந்து எதுவும் போகாது, அங்கிருந்து எதுவும் வெளியே வராது. பெயரைப் பதிந்தால்தான் கதவு திறக்கும்.

கேட்வே வைக்கிறவர்களில் பெரும்பாலோர் முதல் வாரம் மண்டையை உடைத்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. உள்ளே பாக்கெட் வந்துவிடும், பதில் மட்டும் போகாது. காரணம் எளிது. பதிலில் அனுப்புநர் முகவரி 44 என்று தொடங்கும். வீட்டு இணைப்பைக் கொடுக்கும் நிறுவனம், "இது நான் கொடுத்த முகவரி இல்லையே" என்று அதைத் தொட்டியில் போட்டுவிடும். போலி முகவரிகளைத் தடுக்க 2000இலேயே எழுதப்பட்ட நல்ல நடைமுறை அது, குறைசொல்ல முடியாது. ஆகவே 44இலிருந்து வெளி இணையத்துக்குக் கிளம்பும் எதுவும் குழாய் வழியே சான் டியாகோவுக்குப் போய் அங்கிருந்து வெளியேற வேண்டும். லினக்ஸில் இதற்குத் தனிப் பாதைப் பட்டியல் ஒன்றும், "அனுப்புநர் 44 என்றால் அந்தப் பட்டியலைப் பார்" என்ற ஒரே வரி விதியும் போதும். அந்த ஒரு வரி தெரியாமல் கேட்வேயையே கைவிட்டவர்களை எனக்குத் தெரியும். வீட்டு ரவுட்டர் நெறிமுறை எண் 4ஐ உள்ளே விடாமல் விழுங்குவது இன்னொரு தொல்லை. ஒரே பொது முகவரியை நூறு வீட்டுக்குப் பங்குவைக்கும் இணைப்பாக இருந்தால் இந்த வழியே அடைபட்டுவிடும், விபிஎன் தேட வேண்டியதுதான்.

இதெல்லாம் ஒருமுறை செய்துவிட்டால் முடிந்தது. முடியாத வேலை ரேடியோ பக்கத்தில் இருக்கிறது.

ஏரி நிறையத் தண்ணீர் இருக்கும்போது மடை திறப்பவருக்கு ஏரியைப் பற்றிக் கவலை இல்லை, வாய்க்கால் கரையைப் பற்றித்தான் கவலை. 1200 பாட்டில் 256 பைட் பாக்கெட் ஒன்று காற்றில் இருக்கும் நேரம் கிட்டத்தட்ட இரண்டு வினாடி. அதில் முதல் கால் வினாடிக்கு மேல் வெறும் தயாரிப்பு: டிரான்ஸ்மிட்டர் எழுந்து, எதிர்ப்பக்க ரிசீவர் காதைத் திறக்கும்வரை காத்திருப்பது. இணையப் பக்கத்தில் இருக்கும் சர்வருக்கு இது தெரியாது. பாக்கெட் அனுப்பிவிட்டு அரை வினாடி, ஒரு வினாடி பார்க்கும். பதில் வராவிட்டால் தொலைந்தது என்று நினைத்து மறுபடி அனுப்பும். அந்த நகல் என் கேட்வேயில் வந்து வரிசையில் நிற்கும். முதல் பிரதி இன்னும் காற்றிலேயே ஏறியிருக்காது. இரண்டாவது, மூன்றாவது பிரதியும் வந்து சேரும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வினாடி. யாருக்கும் பயன்படாத நகல்களால் அலைவரிசை நிரம்பிவிடும்.

இந்தச் சிக்கலை ஹாம்கள்தான் கூர்மையாகச் சந்தித்தார்கள். எண்பதுகளின் நடுவில் சிறு கணினிகளுக்கு டிசிபி/ஐபி எழுதிய ஃபில் கார்ன், கேஏ9க்யூ, இதற்கு ஒரு தீர்வு கண்டார். மறுபடி அனுப்பிய பாக்கெட்டுக்கு ஒப்புதல் வந்தால் அது முதல் பிரதிக்கா, இரண்டாம் பிரதிக்கா என்று சொல்ல முடியாது. ஆகவே அந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காதே. நீட்டிய காத்திருப்பை, சந்தேகமில்லாத ஒப்புதல் ஒன்று வரும்வரை அப்படியே வைத்திரு. கிரெய்க் பார்ட்ரிட்ஜுடன் சேர்ந்து 1987இல் வெளியிட்ட கட்டுரையில் வந்த இந்த விதி, இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனிலும் இருக்கிறது. 1990இல் கார்ன் எழுதிய இன்னொரு கட்டுரை, மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காமல் இருவரும் ஒரே நேரத்தில் உச்சி ரிப்பீட்டரை நோக்கிப் பேசி மோதிக்கொள்ளும் சிக்கலைப் பற்றியது. "அனுப்பலாமா?" என்று சின்னதாகக் கேட்டு, "அனுப்பு" என்று பதில் வந்த பிறகு அனுப்பும் முறையை அதில் முன்வைத்தார். வைஃபை தரம் எழுதியவர்கள் அந்த எண்ணத்தை எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பகுதியில் லிவர்மோர்க்காரருக்கும் ஹாஃப் மூன் பேக்காரருக்கும் நடுவே நிற்கும் மலைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டுரைதான் ஞாபகம் வரும்.

கேட்வேக்காரர் செய்யக்கூடியது சிலவே. பாக்கெட் அளவைச் சுருக்கலாம். ரேடியோ பக்கம் 256 பைட் என்றால், தலைப்புக்கு 40 போக 216 பைட்தான் ஒரு துண்டு என்று இரு பக்கத்துக்கும் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் 1480 பைட் பாக்கெட் வந்து, துண்டாகி, ஒரு துண்டு கெட்டதும் மொத்தமும் வீண். வரிசையின் நீளத்தைக் குறைத்து வைக்கலாம். நீண்ட வரிசை தாராளம் போலத் தெரியும், உண்மையில் அது பழைய பாக்கெட்டுகளின் குப்பைக்கிடங்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, நேரடி இணைப்பை விட்டுவிட்டு அஞ்சலைச் சேமித்து அனுப்பும் முறைக்குப் போய்விடலாம். இணையத்திலிருந்து வரும் கடிதத்தை கேட்வே முழுதாக வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு நிதானமாகக் காற்றில் விடும். அதற்குள் அந்தப் பக்கத்து சர்வர் தன் வேலையைப் பார்க்கப் போயிருக்கும். என் கேட்வேயின் பெரும்பகுதி உபயோகம் இதுதான். வேகமில்லாத இடத்தில் பொறுமையுள்ள மென்பொருளே மரியாதையாக நடந்துகொள்ளும்.

அடுத்தது இரைச்சல். இணையத்தில் ஒரு முகவரி உயிரோடு இருந்தால் போதும், யாராவது வந்து கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். ஃபைபர் இணைப்பில் இது உறைக்காது. ரேடியோவில் ஒவ்வொரு தட்டலும் முக்கால் வினாடி. அதைவிட மோசமான ஒன்றைப் புத்தகங்கள் சொல்வதில்லை. 256 முகவரிகள் கொண்ட துண்டு ஒன்று என் கேட்வேக்குப் பின்னால் இருக்கிறது, அதில் நிஜமாக இருப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. எங்கோ ஒரு ரோபோ அத்தனை முகவரிகளையும் வரிசையாகத் தட்டுகிறது. இல்லாத ஆளுக்கு வரும் ஒவ்வொரு தட்டலுக்கும் கேட்வே காற்றில் ஏறி, "இந்த முகவரிக்காரர் யாராவது இருக்கிறீர்களா?" என்று கூவும். லினக்ஸ் வழக்கமாக மூன்று முறை கூவும். ஒரு கூவலுக்கு அரை வினாடிக்குச் சற்று மேல் என்று வைத்தால், ஒரே ஒரு தேடல் ஏழு நிமிடத்துக்கு மேல் அலைவரிசையை அடைத்துவிடும். அவ்வளவும் என் அழைப்புக்குறியின் பெயரில். பள்ளத்தாக்கில் உட்கார்ந்து கடிதம் அனுப்ப முயலும் கிழவர் காத்துக்கொண்டே இருப்பார். அதனால் கேட்வே கூவுவதையே நான் நிறுத்திவிட்டேன். யார் எந்த முகவரி என்பதைக் கையால் எழுதி வைத்திருக்கிறேன். பட்டியலில் இல்லாதவருக்கு வந்தது வாசலிலேயே விழும். தொடக்கம் எப்போதும் "எல்லாவற்றையும் மறு", பிறகு ஒவ்வொன்றாக அனுமதி.

இதே இரைச்சலை வேறு கண்ணால் பார்த்தவர்களும் உண்டு. 44 முகவரிகளில் பெரும்பகுதி காலி. காலி முகவரிக்கு வரும் எதுவும் நல்ல காரணத்துக்காக வந்திருக்காது. சான் டியாகோவில் இருந்த ஆய்வாளர்கள் அந்த வெற்றிடத்தை ஒரு தொலைநோக்கியாக்கினார்கள். 2001இல் டேவிட் மூர், ஜெஃப்ரி வோல்கர், ஸ்டெஃபான் சாவேஜ் மூவரும் மூன்று வாரத் தரவிலிருந்து 12,000க்கு மேற்பட்ட சேவைமுடக்கத் தாக்குதல்களை அடையாளம் கண்டார்கள். அதே ஆண்டு ஜூலை 19 அன்று கோட் ரெட் புழு 14 மணி நேரத்துக்குள் 3,59,000 கணினிகளைப் பிடித்ததை எண்ணிச் சொன்னதும் அங்கிருந்துதான்.

சட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் கேட்வே பற்றிப் பேசக்கூடாது. அமெரிக்காவில் ஹாம் விதிகளின் 97ஆம் பகுதி, பொருளை மறைப்பதற்காகக் குறியாக்கம் செய்த செய்தியைத் தடுக்கிறது, வியாபாரச் செய்தியையும் தடுக்கிறது. இன்றைய வலைத்தளங்கள் ஏறத்தாழ எல்லாமே குறியாக்கத்தோடு வருகின்றன, பாதி விளம்பரத்தோடு வருகின்றன. ஆக, "ஹாம் ரேடியோவில் இணையம்" என்று யாராவது விளம்பரப்படுத்தினால் சந்தேகப்படுங்கள். அவசரகாலத்திலாவது குறியாக்கத்தை அனுமதிக்கக் கேட்ட மனு ஒன்றை 2013இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி தள்ளுபடி செய்தது. அது சரியான முடிவு என்பது என் கட்சி. இந்தப் பட்டைகள் யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்ற நிலை இருப்பதால்தான் களவு தெரிந்துவிடுகிறது. கடவுச்சொல்லைக் காற்றில் விடாமல் ஆளை அடையாளம் காண டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. அதில் எதுவும் மறைவதில்லை, விதிக்கும் முரணில்லை.

இன்னொரு விதியை கேட்வே வைப்பவர் அச்சடித்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். செய்தியைக் கைமாற்றும் வலையில், முதலில் அதை வாங்கும் நிலையம் அனுப்பியவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் செய்தியின் மீறலுக்குத் தானே பொறுப்பேற்க வேண்டும். இணையத்திலிருந்து வருவது காற்றில் ஏறும் முதல் இடம் நான். அதனால் உரிமமுள்ளவர் என்று உறுதியாகாத யாருக்கும் என் வாசல் திறக்காது. நண்பர் என்றாலும், நண்பரின் மகன் என்றாலும்.

2019இல் ஒரு கலவரம் வந்தது. ஆம்பர்நெட்டை நிர்வகிக்கும் ஏஆர்டிசி என்ற லாபநோக்கற்ற அமைப்பு, 44.192இலிருந்து மேலே உள்ள கால்பங்கை, 42 லட்சம் முகவரிக்குச் சற்றுக் குறைவாக, அமேசானுக்கு விற்றது. 10 கோடி டாலருக்கும் மேல். ஹாம் உலகம் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. அந்த முகவரிகளில் பெரும்பாலும் யாரும் குடியிருக்கவில்லை. கிடைத்த பணத்தை மானியமாகக் கொடுக்கிறார்கள். எம்ஐடி மாணவர்கள் தங்கள் கட்டடக் கூரையில் இருந்த பெரிய ஆன்டெனாக் கூண்டைக் காப்பாற்ற 2021இல் 16 லட்சம் டாலர் அங்கிருந்துதான் போனது. விற்றதில் எனக்குக் கோபமில்லை, விற்ற பிறகு சொன்னதில் உண்டு. பிரையன் கான்ட்டர் 2019 நவம்பரில் காலமானார்.

இப்போது வேகமான வழிகள் வந்துவிட்டன. வாஷிங்டன் மாநிலத்தில் ஹாம்வான், ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஹாம்நெட் என்று மைக்ரோவேவில் மெகாபிட் கணக்கில் ஓடுகின்றன. என் 1200 பாட் அவற்றுக்கு முன்னால் மாட்டுவண்டிகூட இல்லை. ஆனாலும் எந்த வலையானாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இணையக் கம்பியைப் பிடுங்கினால் என்ன மிஞ்சும்?

இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. 2019 அக்டோபர் கடைசியில் காட்டுத்தீ பயத்தில் வடக்கு கலிஃபோர்னியாவில் மின்சாரத்தை நிறுத்தியபோது, மரின் மாவட்டத்தின் செல்பேசிக் கோபுரங்களில் பாதிக்கு மேல் செயலிழந்தன. அப்படிப்பட்ட நாளில் இணையத்தை நம்பி நிற்கும் கேட்வே ஒரு பெட்டி, அவ்வளவுதான். ஆகவே உள்ளூருக்கு வேண்டிய எதையும் வெளியில் வைக்கக்கூடாது. பெயர்ப் பதிவேட்டின் நகல் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். கடிகாரத்தை ஜிபிஎஸ்ஸிலிருந்து எடுக்க வேண்டும், உள்ளூர் அஞ்சல் உள்ளூரிலேயே தங்க வேண்டும், பேட்டரி ஒரு இரவாவது தாங்க வேண்டும். மாதம் ஒருமுறை நான் கம்பியைப் பிடுங்கிவிட்டு எல்லோரையும் ஒருவருக்கொருவர் கடிதம் அனுப்பச் சொல்வேன். ஏதாவது ஒன்று எப்போதும் தடுக்கும். மென்பொருளைப் புதுப்பித்தபோது யாருக்கும் தெரியாமல் ஒரு சேவை வெளி சர்வரைத் தேட ஆரம்பித்திருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதற்குத்தான் அந்தப் பயிற்சி. கம்பியைப் பிடுங்கிப் பார்க்காத கேட்வேயை நான் கேட்வே என்று ஒப்புக்கொள்வதில்லை.

வளைகுடாப் பகுதியில் மட்டும் நெட்வொர்க் தெரிந்த தமிழர் எத்தனை பேர்! வேலையில் நாம் தொடும் பாக்கெட் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேட்காது. இங்கே ஒரு பாக்கெட் மோதிச் சாவதை ஸ்பீக்கரில் கேட்கலாம். காத்திருப்பு, மறுமுயற்சி, நெரிசல் என்று பாடத்தில் படித்ததெல்லாம் நொடிக்கணக்கில் நீண்டு முன்னால் நடக்கும். உங்கள் வீட்டிலிருந்து ஒரு மலை உச்சி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இந்தியாவில் இருப்பவர்கள் தங்கள் உரிமத்தின் நிபந்தனைகளை முதலில் படித்துவிட்டு இறங்குங்கள், அங்கே விதிகள் வேறு. இங்கே இருப்பவர்களுக்கு வழி எளிது: டெக்னீஷியன் தேர்வில் 35 கேள்விகள், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி, எஃப்சிசிக்குக் கட்டணம் 35 டாலர். 44இல் ஒரு முகவரி அதன் பிறகு கேட்டால் கிடைக்கும், அதற்குக் காசு கிடையாது.